கழித்தால் பூஜ்யம்

அத்தியாயம் 7

"இந்த லேப் பொய் சொல்லலைன்னா நான் என் பேரையே மாத்திக்கறேன்" என்று எழிலரசி காலை ஒன்பது மணிக்குச் சொல்லியிருந்தாள்.

இப்போது மணி பத்தே முக்கால்.

"புதுப் பேரு இன்னா வைக்கலாம் மேடம்?" என்று காதோரமாகக் கேட்டார் சின்னப்பையன்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சின்னப்பையனுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ரூட்டில் இருபது வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். மூன்று வருடமாகத் துப்பறியும் எழிலரசிக்கு டிரைவர், உதவியாளர், சமயங்களில் தலைவலி.

எழிலரசி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அது பழக்கம். இன்றைக்கு இது இரண்டாவது பாட்டில்.

எதிரே, மண்ணூர் லேபின் கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் சுபஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு. முகத்தில் சிரிப்பே இல்லை.

"போன வாரம் ஒருத்தர் காத்துல இருக்கிற ஆவியை அளக்கற பேட்ஜ் மூணு வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்தார். பேரு 'சின்னப்பையன் எண்டர்பிரைசஸ்'. அது நீங்கதானே?" என்றாள்.

"பேரு நல்லாதானம்மா இருந்துச்சி" என்றார் சின்னப்பையன்.

"ரிசல்ட் பாருங்க." சுபஸ்ரீ ஒரு தாளை நகர்த்தினாள். "ரெண்டு பேட்ஜ்ல ரப்பர் சொல்யூஷன் ஆவி. இது கம்பெனி காத்து இல்லை, பஞ்சர் கடைக் காத்து. சரியா?"

சரிதான். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில்தான் எட்டு மணி நேரம் அவற்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். லேப் திருட்டு லேப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கும். இவர்கள் கடையையே கண்டுபிடித்துவிட்டார்கள். எழிலரசி ஒரு வாரமாகக் கட்டிய பொறியில் எலி விழவில்லை. எலியே இல்லை.

"அந்த மூணாவதை நீங்க திறக்கவே இல்லை. கரெக்டா பண்ணியிருக்கீங்க" என்றாள் சுபஸ்ரீ.

"அது... மறந்துட்டேம்மா. மேடம் திட்டுவாங்கன்னு சொல்லலை."

"திறக்கக் கூடாது சார். அதுதான் பிளாங்க். மூடியோடவே போய் மூடியோடவே வரணும். வழியில, டப்பாவில, எங்க அலமாரியில ஏதாவது உள்ளே புகுந்திருந்தா அது அதுல தெரியும். அதை மத்த ரெண்டுலேருந்து கழிச்சிடுவோம். மிச்சம் இருக்கிறதுதான் ஆளு சுவாசிச்சது."

"மீன்காரம்மா பாத்திரத்து எடையைக் கழிக்கற மாதிரி."

"அதேதான்."

எழிலரசி பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்துப் போட்டாள். மார்ச், ஜூன், செப்டம்பர். மூன்றும் இதே லேப் கொடுத்த ரிப்போர்ட்டுகள். வடக்குப்பட்டு பக்கம், கார் சீட்டுக்கு உறை ஒட்டும் கம்பெனிக்காக.

"அப்ப இதுக்கு என்ன அர்த்தம்? பசையில ஹெக்சேன் கலந்திருக்குன்னு டின்னுலயே போட்டிருக்கு. கேட்டுக்கு வெளியே நின்னா எனக்கே தலை சுத்துது. உள்ளே பதினாலு பொம்பளைங்க நாள் முழுக்க அதுல தலையைக் குனிஞ்சி வேலை செய்யறாங்க. நீங்க என்னடான்னா 'கண்டறியப்படவில்லை'. குறைவுன்னு போட்டிருந்தாக்கூட நம்பியிருப்பேன். இல்லவே இல்லைங்கறீங்க!"

"வந்ததை அளந்தோம். அளந்ததைக் கொடுத்தோம்."

"கழிக்கறதுக்கு முன்னாடி எண் என்ன? அந்த ஷீட்டைக் காட்டுங்க."

"கஸ்டமர் கேட்டா தருவேன். இல்லை, மெடிக்கல் போர்டு கேட்டா தருவேன். உங்களுக்குத் தர முடியாது."

"ஒரு பொண்ணோட கால் போயிருக்கு சுபஸ்ரீ."

சுபஸ்ரீயின் விரல் தாளின் ஓரத்தைத் தடவியது. ஒரு நொடி ஏதோ சொல்ல வந்தாள். பிறகு எழுந்துகொண்டாள்.

"என் வேலையை நான் செஞ்சாச்சு மேடம். யாருக்கு எழுதணுமோ எழுதியாச்சு. ப்ளீஸ், கிளம்புங்க."

வெளியே வேன் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. எழிலரசி கதவை அறைந்து சாத்தினாள். அது சாத்திக்கொள்ளவில்லை. இன்னொரு முறை அறைந்தாள்.

"கதவு இன்னா பண்ணிச்சி மேடம்?"

"வண்டியை எடுங்கண்ணா."

நாளைக் காலை பதினோரு மணிக்கு மெடிக்கல் போர்டு. அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியான பாஞ்சாலியின் கால்களில் உணர்ச்சி போனது வேலையால் வந்த நோயா, இல்லையா? அந்த ஒரு கேள்விக்கு நாளைக்குப் பதில் எழுதிவிடுவார்கள். வெளி டாக்டர் ஒருவர் 'பசை ஆவி நரம்பைத் தின்றிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனி மூன்று பூஜ்யங்களை நீட்டியது. காற்றில் அந்த ஆவியே இல்லாதபோது அது எப்படி நரம்பைத் தின்னும்? 'சொந்தக் கோளாறு' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். அதோடு பாஞ்சாலியின் வேலையும் போகும், சிகிச்சையும் போகும். லைன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

"லேப் திருடு இல்லைன்னா, கம்பெனி திருடு. பேட்ஜை லைன்ல மாட்டாம வேற எங்கயோ மாட்டியிருக்காங்க. ஆபீஸ் ரூம்ல. ஏசி காத்துல" என்றாள் எழிலரசி.

"இதுக்கும் பேரை மாத்திக்கறேன்னு சொல்லிடாதீங்க. கெஜட்ல போடறதுக்கு லேட் ஆவும்."

ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. நாற்பது நிமிடம். எழிலரசி மூன்றாவது பாட்டிலை ஆரம்பித்தாள்.

*

வடக்குப்பட்டில் கம்பெனிக்கு எதிர்ப்புற டீக்கடை. இரண்டரைக்கு முதல் ஷிப்ட் விட்டது. பஸ்களைப் பிடிக்க ஓடும் நீல யூனிபார்ம்களுக்கு நடுவே சூப்பர்வைசர் கலைமணி டீ குடிக்க வந்தான். முப்பது வயது, ஒல்லி. இவர்களைப் பார்த்ததும் டீயை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தான்.

சின்னப்பையன் அவன் தோளில் கை போட்டார். "இன்னாபா, டீ ஆறிடப்போது. என் ஆட்டோல எத்தினி நாள் ஓசில வந்துகீற, ஞாபகம் கீதா?"

"அண்ணே, வேலை போயிடும்ணே."

"ஒரே கேள்விதான். செப்டம்பர்ல பேட்ஜ் டெஸ்ட் எடுத்த அன்னிக்கு, பாஞ்சாலி நிஜமாவே லைன்லதான் இருந்தாளா?" என்றாள் எழிலரசி.

கலைமணியின் முகம் சிவந்தது. பயம் போய் ரோஷம் வந்துவிட்டது.

"அக்கா, இன்னா சொல்ல வர்றீங்க? நான் ஏமாத்தினேன்னா? காலையில ஆறரைக்கு என் கையால மாட்டினேன். ஒண்ணு பாஞ்சாலி காலர்ல, ஒண்ணு உமாதேவி காலர்ல, ஒண்ணு பிளாங்க். மூணு மூடியையும் என் பாக்கெட்ல போட்டுக்கினு ஷிப்ட் முழுக்கச் சுத்தினேன், தொலைஞ்சிடப் போதேன்னு. பாத்ரூமுக்குக்கூட அவங்க கழட்டலை. ரெண்டரைக்கு மூணையும் மூடி, கவர்ல போட்டு, சேஃப்டி ஆபீசர் ஜெகநாதன் சார் கைல குடுத்தேன். எங்க அம்மா மேல சத்தியம்."

"ஆபீஸ்ல எதையும் மாட்டலையா?"

"ஆபீஸ்ல எதுக்குக்கா மாட்டணும்? அங்க யாரு பசை ஒட்டறாங்க?"

எழிலரசிக்கு ஆட்களைத் தெரியும். பொய் சொல்கிறவன் இவ்வளவு விவரம் சொல்ல மாட்டான். இவன் நிஜமாகவே செய்திருக்கிறான். நிஜமாகவே செய்ததில் பெருமைப்படுகிறான்.

இரண்டாவது பொறியும் காலி.

கலைமணி போகும்போது திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னான். "பாஞ்சாலிய நினைச்சா கஷ்டமா கீதுக்கா. ஆனா மெஷினே இல்லைன்னு சொல்லிடுச்சே. நாங்க இன்னா பண்ண?"

அவன் பஸ் ஏறிய பிறகும் எழிலரசி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"லேப் நேர்மை. சூப்பர்வைசர் நேர்மை. பேட்ஜ் நேர்மை. எல்லாரும் நல்லவங்க. அப்ப பாஞ்சாலி காலை நான்தான் கெடுத்தேன் போல" என்றாள்.

"நான்கூட இருக்கலாம் மேடம். நம்ம வண்டி வுடற புகைக்கு."

"சிரிப்பு வரலைண்ணா."

"எனக்கும்தான் வரலை. பழக்கத்துல பேசிட்டேன்."

*

பிள்ளைப்பாக்கத்தில் பாஞ்சாலியின் வீடு தெருவின் கடைசியில். பாதி வழியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் செருப்பு தனியாகக் கிடந்தது. சின்னப்பையன் வண்டியை நிறுத்தி அதை எடுத்துக்கொண்டார்.

வாசலில் பாஞ்சாலி நின்றிருந்தாள். முப்பத்தொரு வயது. ஒரு கை நிலைப்படியில். ஒரு காலில் செருப்பு, இன்னொரு கால் வெறுங்கால். அவள் குனிந்து பார்க்கும்வரை அது அவளுக்குத் தெரியவில்லை.

"குடத்தை எடுத்தாந்தேன். செருப்பு எங்க வுழுந்துச்சின்னே தெரியலை" என்றாள், சின்னப்பையனிடமிருந்து செருப்பை வாங்கிக்கொண்டு. "கண்ணால பாத்தாதான் கால் எங்க கீதுன்னே தெரியுது அண்ணே."

சின்னப்பையன் குடத்தை எடுத்து உள்ளே வைத்தார்.

எழிலரசி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ரெண்டு இடம் போனேன் பாஞ்சாலி. ரெண்டும் முட்டுச்சந்து. நாளைக்கு என் கையில ஒண்ணும் இல்லை."

பாஞ்சாலி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிரே உட்கார்ந்தாள். "ஜெகநாதன் சார் மத்தியானம் போன் பண்ணாருக்கா. நாளைக்குப் போர்டுல 'எனக்கு முன்னாடியே சுகர் இருந்துச்சி'ன்னு எழுதிக் குடுத்துட்டா, கேன்டீன்ல காய் நறுக்கற வேலை போட்டுத் தர்றாராம். உக்காந்தே செய்யலாமாம்."

"உனக்கு சுகர் இருக்கா?"

"மூணு தபா டெஸ்ட் எடுத்தாங்க. இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாக்கா? என் வூட்டுக்காரரே கேக்கறாரு. 'மெஷினு ஒண்ணும் இல்லைங்குது, நீ மட்டும் ஏன் கீதுங்கற?'ன்னு. ஏழு மாசமா பொய் சொல்றவளாட்டம் ஆயிட்டேன்."

எழிலரசியின் கை தானாகவே பாட்டிலைத் தேடியது. பாட்டில் வண்டியில் இருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. ஒரே ஒரு தடவை முதல்லேருந்து சொல்லு. நீ எப்படி வேலை செய்வே? எங்கே நிப்பே? டின் எங்கே இருக்கும்?"

பாஞ்சாலி எழுந்து நிற்க முயன்று, வேண்டாம் என்று உட்கார்ந்தபடியே கையால் காட்டினாள். "டின்னு வலது பக்கம். பிரஷ்ல பசையத் தொட்டு உறையில தடவுவேன். அப்புறம் பிளாங்க் மேல போட்டு அமுக்கணும். பிளாங்க்ல குனிஞ்சிக்கினே இருக்கணும், இல்லாட்டி ஓரம் தூக்கிக்கும்."

"எது மேல?"

"பிளாங்க்."

"பிளாங்க்னா?"

"பலகைக்கா. ஒட்டற பலகை. எங்க லைன்ல எல்லாரும் பிளாங்க்னுதான் சொல்லுவோம்."

எழிலரசி மெதுவாகத் தலையைத் திருப்பிச் சின்னப்பையனைப் பார்த்தாள். "அண்ணா. கலைமணி எத்தனை மூடின்னு சொன்னான்?"

"மூணு மூடி. பாக்கெட்ல போட்டுக்கினு..." சின்னப்பையன் நிறுத்தினார். வாய் திறந்தபடி நின்றது. "மேடம். திறக்காத பேட்ஜோட மூடி பாக்கெட்டுக்கு எப்படி வந்துச்சி?"

"'ஒண்ணு பிளாங்க்'னான். நான் லேப் பிளாங்க்னு நினைச்சேன். அவன் சொன்னது பலகை! இங்கிலீஷ்ல அது 'B', இது 'P'. நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே 'ப'. நம்ம வாய்ல ரெண்டும் ஒரே வார்த்தை." எழிலரசி முழங்காலை ஊன்றி எழுந்துவிட்டாள். "பாஞ்சாலி, மூணாவது பேட்ஜ் எங்கே இருந்துச்சு?"

"பலகைக்கு மேல ஆணில தொங்கிச்சி. டின்னுக்கு நேரா."

"திறந்தா?"

"திறந்துதான். மொத தபா, மார்ச் மாசத்துல, ஜெகநாதன் சார் போன்லதான் சொன்னாரு. கம்ப்ரஸர் சத்தத்துல கலைமணி அண்ணன் ஒரு காதைப் பொத்திக்கினு கேட்டாரு. 'பிளாங்க்கா சார், பிளாங்க்கா சார்'னு கத்தினாரு. அப்புறம் ஆணி அடிச்சி மாட்டினாரு."

சின்னப்பையன் விரல் விட்டு எண்ணினார். "இரு இரு. மீன்காரம்மா பாத்திரத்து எடையைக் கழிப்பா. ஆனா பாத்திரத்துக்குள்ள முன்னாடியே ரெண்டு கிலோ மீன் கெடந்தா..."

"அந்த ரெண்டு கிலோவையும் பாத்திரம்னு கழிச்சிடுவா. இவ காலர்ல பிடிச்சது நிஜம். பலகையில பிடிச்சது அதை விட அதிகம். சிறிசுலேருந்து பெரிசைக் கழிச்சா? பூஜ்யத்துக்கும் கீழே. லேப் அதை 'கண்டறியப்படவில்லை'ன்னு எழுதிடுச்சு. காத்து எவ்வளவு மோசமோ, ரிப்போர்ட் அவ்வளவு சுத்தம்!"

"அப்ப யாருமே திருடலை" என்றார் சின்னப்பையன், கொஞ்சம் ஏமாற்றத்துடன். "காதுதான் குத்தவாளி."

எழிலரசியின் முகத்தில் வந்த வெளிச்சம் பாதியில் நின்றது. அதுதான் சிக்கல். தவறுதலாக நடந்தது என்று கம்பெனி கைவிரித்துவிடும். 'மறுபடி அளந்து பார்க்கிறோம்' என்பார்கள். அளப்பதற்கு முதல் நாள் எல்லா ஃபேனையும் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பாதி வேலை மட்டும் கொடுப்பார்கள். நிஜமாகவே குறைவாக வரும்.

"மார்ச்ல காது. சரி. ஜூன்லயும் காதா? செப்டம்பர்லயுமா?" என்றாள்.

"அதுக்கப்புறம் போன்லாம் இல்லைக்கா. நோட்டீஸே ஒட்டிட்டாங்களே" என்றாள் பாஞ்சாலி.

"என்ன நோட்டீஸ்?"

"ஷிப்ட் லிஸ்டு பக்கத்துல ஒட்டியிருந்துச்சி. மாசா மாசம் லிஸ்டைப் போட்டோ எடுப்பேன், எந்த ஷிப்ட்டுன்னு தெரியணும்ல? அதுலயே அதுவும் வுழுந்துகீது."

போனைத் தேடி எடுத்தாள். விரல்களும் இப்போது சரியாகக் கேட்பதில்லை. மகளின் பிறந்தநாள், ஒரு கோலம், ரேஷன் கார்டு, மறுபடி கோலம். கடைசியில் ஏப்ரல் மாத ஷிப்ட் லிஸ்ட். ஓரத்தில் பாதி மடங்கிய ஒரு தாள். எழிலரசி விரலால் பெரிதாக்கினாள்.

'அறிவிப்பு. காற்றுப் பரிசோதனை நாட்களில், மூன்று பேட்ஜ்களில் ஒன்றை ஒட்டுப் பலகைக்கு மேல் மூடி திறந்து மாட்ட வேண்டும். தவறக் கூடாது. பாதுகாப்பு அதிகாரி, ஜெகநாதன். 28 மார்ச்.'

"பலகை" என்றார் சின்னப்பையன். "சுத்தத் தமிழ்ல எழுதிகீறாரு."

"சூப்பர்வைசர் காதுல தப்பா விழலாம். ஆனா பிளாங்க்னா என்னன்னு படிச்சிட்டு வந்த சேஃப்டி ஆபீசர் கை எப்படிண்ணா 'பலகை'ன்னு எழுதும்?" எழிலரசி ஏற்கெனவே நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். 'யாருக்கு எழுதணுமோ எழுதியாச்சு.' காலையில் அதைக் காதில் வாங்காமல் விட்டதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நான்காவது மணியில் சுபஸ்ரீ எடுத்தாள்.

"ஷீட் கேக்கலை. எண் கேக்கலை. தேதி ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் எழிலரசி. "மார்ச் பேட்ஜ்ல பிளாங்க் கெட்டுப்போயிருக்குன்னு ஜெகநாதனுக்கு எப்ப மெயில் போட்டீங்க?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம்.

"இருபத்தி ஒண்ணு. மார்ச் இருபத்தி ஒண்ணு. 'உங்க பிளாங்க் திறந்திருக்கு, அதைக் கழிச்சா ரிப்போர்ட் தப்பா வரும், மறுபடி எடுங்க'ன்னு எழுதினேன். 'எங்க முறை அதுதான், கழிச்சே கொடுங்க'ன்னு பதில் வந்தது. எங்க முதலாளியும் கொடுக்கச் சொன்னார்."

"பதில் உங்ககிட்ட இருக்கா?"

"ரெண்டும் இருக்கு." அவள் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "நாளைக்குப் போர்டு என்னைக் கூப்பிட்டுக் கேக்கட்டும் மேடம். கழிக்காம சொல்றேன்."

எழிலரசி போனை வைத்தாள். மார்ச் இருபத்தொன்றில் மெயில். இருபத்தெட்டில் நோட்டீஸ். தவறுக்கு ஒரே வாரத்தில் சட்டைபோட்டு, பெயர் வைத்து, சுவரில் ஒட்டியிருக்கிறார் ஜெகநாதன்.

"பாஞ்சாலி, உனக்குக் கால் மரத்துப்போக ஆரம்பிச்சது எப்போ?"

"சித்திரைக் கடைசியில."

மூன்று பேரும் கணக்குப் போட்டார்கள். மெயில் வந்த அன்றைக்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கால்கள் இன்றைக்குத் தரையை உணர்ந்திருக்கும்.

வெளியே வந்தபோது சின்னப்பையன் தலையைச் சொறிந்தார். "மேடம், அந்தப் பேர் மாத்தற விஷயம்..."

"பேசாம இருங்கண்ணா."

எழிலரசி திரும்பிப் பாஞ்சாலியின் காலைப் பார்த்தாள். செருப்பு மறுபடியும் பாதி கழன்றிருந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரும். போர்டுல படி ஏறணும். பின்னாடி வாரு வெச்ச செருப்பு இருந்தா போட்டுக்கோ."

பாஞ்சாலி குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"வேணாங்க்கா" என்றாள். "இதையே போட்டுக்கினு வரேன். அவங்க முன்னாடியே கழண்டு வுழட்டும். இதுலேருந்து எதைக் கழிக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்."